அழாமல் இருப்பதுதான் நிலையாமையை ஏற்பதா?

காவிரிப் பாசன ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அவரை யாரென்று காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 47. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, நான்கு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தினமும் காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரால் அளந்து பாட்டிலில் ஊற்றிவைப்பது இவருடைய வேலை. ஒன்பது மாதத்துக்கு முன் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அன்று விடியற்காலையில் இவர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “நாலு வருஷம் கூடவே இருந்தேன், அந்தப் பத்து நிமிஷம் இல்லை” என்று எழுதி, அந்த வரியைத் தானே அடித்தும் இருக்கிறார்.

காரியங்கள் முடிந்த பிறகு தூக்கம் வராத ராத்திரிகளில் பௌத்தம் பற்றிய பேச்சுகளை போனில் கேட்க ஆரம்பித்திருக்கிறார். எல்லாம் அநித்தியம், பற்றுதான் துக்கத்துக்குக் காரணம் என்பது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதிலிருந்து அழுவதை நிறுத்திவிட்டார். கணவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டார், கூடத்தில் இருந்த படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, “அப்பாவை வீட்டை விட்டே துடைச்சு எடுத்துட்டியாம்மா” என்று கேட்டாளாம். அதன் பிறகு ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வருவதே இல்லை. இதற்கிடையில் கொழுந்தனார், மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் இவருக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும்படி கேட்கிறார். “எல்லாம் அநித்தியம்னு நீங்கதானே அண்ணி சொல்றீங்க?”

கேள்விகள் மூன்று. கையெழுத்து போட்டுவிடலாமா? வேலையை விட்டுவிட்டுப் பத்து நாள் தியான முகாமுக்குப் போய், அப்படியே அந்த வழியிலேயே இருந்துவிடலாமா? இவ்வளவு கேட்டும் உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறதே, தனக்கு ஏன் இன்னும் பக்குவம் வரவில்லை? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், ஒரு வரி: “எல்லாம் போறதுதானே, நானும் போயிட்டா என்னன்னு சில ராத்திரி தோணுது.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் மூன்று கேள்விகளும் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, இது காத்திருக்காது. நேராகவே கேட்கிறேன், உயிரை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? அப்படி யோசித்தால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறம், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே ஒரு முறை போய் வாருங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பத்து கிலோ குறைந்துவிட்டேன் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது துக்கம் மட்டுமா, மனச்சோர்வு நோயும் சேர்ந்துகொண்டதா என்று நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும், கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது.

நீங்கள் பௌத்தத்தை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் அந்த மொழியிலேயே ஒன்று சொல்கிறேன். புத்தர் சாரநாத்தில் செய்த முதல் உபதேசத்தில் தண்ஹா என்கிற வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறார். புலனின்பத்துக்கான வேட்கை ஒன்று, இருக்க வேண்டும் என்ற வேட்கை இன்னொன்று. மூன்றாவது விபவ தண்ஹா, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. ராத்திரியில் உங்களுக்குத் தோன்றுகிறதே, அதைப் பற்றறுந்த நிலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பௌத்தக் கணக்கில் அதுவும் ஒரு பற்றுதான், வலி தாங்காத மனசு போடுகிற பற்று. உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அதை ஞானம் என்று நம்பி அதன் பின்னால் போய்விடாதீர்கள்.

இன்னொரு சம்பவமும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நீங்கள் கேட்ட பேச்சுகளில் இது வந்திருக்க வாய்ப்பு குறைவு. வைசாலியில் புத்தர் தம் பிக்குகளுக்கு உடலின் அழுக்கையும் அழிவையும் தியானிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் தனிமைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கூட்டம் குறைந்திருந்தது. அந்தத் தியானம் பலருக்கு உடல்மீதே வெறுப்பாகத் திரும்பி, உயிரையே மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தது. வேறு வழி சொல்லுங்கள் என்று அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கேட்க, அப்போது புத்தர் கற்றுக்கொடுத்தது மூச்சைக் கவனிக்கிற ஆனாபானசதி. கோடையின் கடைசி மாதத்தில் திடீரென்று பெய்கிற மழை புழுதியை அடக்குவதுபோல அது மனதை அடக்கும் என்று உவமையும் சொன்னார். சங்யுத்த நிகாயம் என்ற பாலி உபதேசத் தொகுப்பில் இருக்கிறது. அழிவை மட்டுமே உற்றுப் பார்ப்பது எல்லா மனதுக்கும், எல்லா நேரத்திலும் மருந்தாகாது என்பது அந்த மரபுக்குள்ளேயே ரொம்பப் பழைய பாடம். ராத்திரி ஒரு மணிக்கு, தனியாக, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மரணத்தைப் பற்றிய பேச்சு கேட்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பேச்சு தப்பு என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு இப்போது வேளை சரியில்லை.

அழுகையைப் பற்றி

பக்குவம் வரவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். குசிநகரத்தில் புத்தர் கடைசியாகப் படுத்திருந்தபோது, 25 வருஷம் கூடவே இருந்து தண்ணீர் கொடுத்து, படுக்கை விரித்து, பார்வையாளர்களைச் சமாளித்த ஆனந்தர் என்ன செய்தார் தெரியுமா? விகாரைக்குள் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன், என்மேல் இரக்கம் வைத்திருந்த ஆசிரியர் போகிறாரே என்று அழுதார். அநித்தியம் பற்றி அவருக்குத் தெரியாதா? புத்தர் வாயாலேயே கேட்டவர் அவர். புத்தர் அவரைக் கூப்பிட்டனுப்பி, போதும் ஆனந்தா, அழாதே, பிரியமானவை எல்லாம் பிரியும் என்று நான் சொல்லவில்லையா என்றார். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதை அடுத்து வருவது இதுதான்: நீண்ட காலம் நீ உடலாலும் சொல்லாலும் மனதாலும் அன்போடு எனக்குப் பணிவிடை செய்தாய், பெரிய புண்ணியம் செய்திருக்கிறாய் என்று எல்லாப் பிக்குகளுக்கும் முன்னால் ஆனந்தரைப் புகழ்ந்தார். அழுதவனுக்குப் பக்குவம் போதாது என்று யாரிடமும் சொல்லவில்லை, அவன் செய்த பணிவிடையை எடுத்துச் சொன்னார்.

இதை உங்கள் பத்து நிமிஷத்தோடு சேர்த்துப் பாருங்கள். நான்கு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் என்றால் அறுநூறு தடவைக்கு மேல் நீங்கள் அவரை அந்த மெஷினுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். ஃபிளாஸ்க்கோடு இறங்கிப் போனதும் விடிய விடியக் கண்விழித்தவருக்கு உடம்பு கேட்ட ஒரு வாய் டீக்காகத்தான். ஆஸ்பத்திரிகளில் நான் வேலை பார்த்த வருஷங்களில், கூடவே இருந்தவர் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில் உயிர் பிரிந்த எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இதே வரியைத்தான் சொல்வார்கள், நீங்கள் அடித்த அதே வரியை.

புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தர் இறந்த செய்தி வந்தபோதும் ஆனந்தர் உடம்பெல்லாம் தளர்ந்து, திசையே தெரியவில்லை, படித்த தர்மம்கூட நினைவுக்கு வரவில்லை என்று புத்தரிடம் சொன்னதாக இருக்கிறது. சாரிபுத்தரும் இன்னொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் அடுத்தடுத்துப் போன பிறகு, இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்று புத்தரே சொன்னார். அவர் துயரத்தில் அமிழ்ந்துவிடவில்லை என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வெறுமையை வெறுமை என்று வாய்விட்டுச் சொன்னார். நீங்கள் ஒன்பது மாதமாக அதைக்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உபதேசத்தில் மனதைக் கவனிப்பது பற்றி வரும் பகுதியைப் படித்துப் பாருங்கள். சுருங்கிப்போன மனதைச் சுருங்கிப்போன மனம் என்று அறிகிறான், சிதறிய மனதைச் சிதறிய மனம் என்று அறிகிறான் என்றுதான் போகிறது. அறிவதுதான் அங்கே சொல்லப்பட்ட வேலை. உங்கள் துக்கமும் அநித்தியமான ஒன்றுதான், அதை வரவிட்டால்தானே அது போவதைப் பார்க்க முடியும்? அழுகை வரும்போது ஒரு தடவை அடக்காமல் இருந்து பாருங்கள். நெஞ்சை அடைக்கும், தொண்டை வலிக்கும், உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும், முகம் கழுவத் தோன்றும். அடுத்த நாள் மறுபடி வரும், அதுவும் இறங்கும். ஒன்பது மாதம் என்பது இதற்கு அதிகமான காலமே இல்லை.

சில வருஷத்துக்கு முன் கண்டியில் ஒரு சிங்களத் தோழியின் அம்மா இறந்தபோது போயிருந்தேன். தெருவெல்லாம் வெள்ளைக் கொடி. “அநிச்சா வத சங்காரா” என்று பிக்குகள் ஓதுகிறார்கள், தோன்றியவை எல்லாம் நிலையற்றவை என்று பொருள். ஓதும்போது குடும்பத்தார் எல்லோரும் நெருக்கியடித்துத் தரையில் உட்கார்ந்து, ஒரே கூஜாவை ஆளுக்கொரு கை வைத்துப் பிடித்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். கிண்ணம் நிறைந்து, வழிந்து, கீழே வைத்திருந்த தட்டுக்குள் இறங்கும் வரை ஊற்றினார்கள். இங்கே கொடுப்பது போனவருக்குப் போய்ச் சேரட்டும் என்று அர்த்தமாம். தோழி தேம்பித் தேம்பி அழுதாள், கூஜாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை, அவளை யாரும் அழாதே என்று சொல்லவும் இல்லை. ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதம் தானம், வருஷத்துக்கு ஒரு தானம் என்று முறை வைத்து நினைக்கிறார்கள். நிலையாமையைத் தலைமுறை தலைமுறையாக நம்பி வாழ்கிற வீடு அது, அந்த வீட்டுச் சுவரில் அம்மாவின் படம் இன்றைக்கும் இருக்கிறது.

தமிழிலும் இது நமக்குப் பழக்கமான பேச்சுதான். ‘குண்டலகேசி’ முழுசாகக் கிடைக்காமல் போய்விட்டது, மிஞ்சிய பாட்டுகளில் ஒன்று, குழந்தைப் பருவம் செத்து, பாலப் பருவம் செத்து, வாலிபம் செத்து, நாளுக்கு நாள் நாமே செத்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு நாம் அழாதது ஏனோ என்று கேட்கிறது. எனக்கு அந்தப் பாட்டை நினைத்ததும் உங்கள் டம்ளர்தான் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று இருந்த மனிதர், பைக் ஓட்டிய மனிதர், ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்த மனிதர் என்று ஒவ்வொருவராக உங்கள் கண்முன் போய்க்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு காலையும் மிச்சம் இருந்தவருக்கு நீங்கள் தண்ணீர் அளந்து வைத்தீர்கள். நிலையாமையை நீங்கள் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் இல்லை, அதை நான்கு வருஷம் கையால் அளந்தவர் நீங்கள்.

வீட்டுப் பத்திரம்

இப்போது போட வேண்டாம். ஒரு வருஷமாவது எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்து போடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, பொதுவான சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன். மறைந்த மாமனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, அவர் உயில் எழுதவில்லை, மாமியாரும் இரண்டு மகன்களும்தான் வாரிசு என்று எழுதியிருக்கிறீர்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படியானால் உங்கள் கணவருக்கு மூன்றில் ஒரு பங்கு. அவரும் உயில் எழுதாமல் போனதால் அந்தப் பங்கு உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சமமாக வரும். உங்கள் கணவரின் பங்கில் கொழுந்தனாருக்கு உரிமை வராது. மகளுக்கு 19 வயது ஆகிவிட்டது, அவள் பங்கை அவளைத் தவிர வேறு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, தாயாக இருந்தாலும். பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரம் ஒரு தடவை பதிவாகிவிட்டால், துக்கத்தில் போட்டுவிட்டேன் என்று பிறகு ரத்து செய்வது பெரிய பாடு, கோர்ட்டுக்கு அலைய வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரத்தின் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

கொழுந்தனாரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. மாமியாரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். அதைப் பேசுவதற்கு நேரம் வரும். ஆனால் அநித்தியம் என்ற சொல்லை ஒருவர் உங்களிடமிருந்து வாங்குவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அது தர்மப் பேச்சு ஆகாது. வீடும் நிலமும் அநித்தியம் என்றால் அவருக்கு மட்டும் அது எதற்கு?

குடும்பஸ்தர்கள் சொத்தை உதறிவிட வேண்டும் என்று புத்தர் சொன்னதாக நினைக்கிறீர்கள், அது சரியில்லை. தீகஜாணு என்ற குடும்பஸ்தர் வந்து, நாங்கள் பிள்ளைகுட்டியோடு, சந்தனம் பூசி, பூச்சூடி வாழ்கிறவர்கள், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, முயற்சி செய்து சம்பாதி, நேர்மையாகச் சம்பாதித்ததைப் பாதுகாத்துக்கொள், நல்லவர்களோடு பழகு, வரவுக்கேற்ற செலவு செய் என்றுதான் சொன்னார். சிகாலன் என்ற இளைஞனிடம், வருமானத்தை நாலாகப் பிரித்து ஒரு பாகத்தை ஆபத்துக் காலத்துக்கு எடுத்துவை என்றார். எல்லாம் மாறும் என்று தெரிந்தவர் சொல்கிற யோசனை அது. உங்கள் மகளின் படிப்புக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

பத்து நாள் முகாமும் வேலையும்

விபாசனா முகாம் நல்ல விஷயம்தான், பிற்பாடு போகலாம். அங்கே காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்தாம் நாள்தான் மௌனம் கலையும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது, நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க எழுந்து மறையும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. தூக்கம் கெட்டு, இறந்துவிடலாமா என்று தோன்றுகிற மனதோடு அந்த மௌனத்துக்குள் போனால் அது உங்களை நசுக்கிவிடக்கூடும். விண்ணப்பப் படிவத்திலேயே மனநிலை பற்றியும் மருந்துகள் பற்றியும் கேட்பார்கள், மருத்துவ சிகிச்சைக்கு இது மாற்றில்லை என்று அவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையை எழுத வேண்டும். டாக்டரைப் பார்த்து, சில மாதம் ஒழுங்காகத் தூங்கி, அவரும் சரி என்றால் போங்கள். அதுவரை வீட்டில் காலையில் பத்து நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சைக் கவனித்தால் போதும், கஷ்டமாக இருந்தால் எழுந்து நடந்துவிடுங்கள்.

வேலையை விட வேண்டாம். முடியவில்லை என்றால் மருத்துவ விடுப்பு எடுங்கள், ராஜினாமா எழுதாதீர்கள். இப்போது உங்களை நாள் தவறாமல் வெளியே இழுத்து, நாலு பேரோடு பேச வைக்கிற ஒரே இடம் அந்த வகுப்பறைதான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உங்கள் மேஜையில் கொய்யாப்பழம் வைத்துவிட்டு ஓடியதை எழுதியிருக்கிறீர்களே, ஆறு பக்கத்தில் அந்த ஒரு இடத்தில்தான் உங்கள் கையெழுத்து நிதானமாக இருக்கிறது.

மகள்

கிசாகோதமி கதை உங்களுக்குத் தெரியும், நீங்களே மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார் புத்தர். எல்லோரும் சாகத்தான் வேண்டும் என்பதை அவள் தெரிந்துகொண்டாள் என்று அதைச் சுருக்கிவிடுகிறோம். அந்த ஒரு வரியை அவரே அவளிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் வீடு வீடாக அனுப்பினார்? ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி வெளியே வந்து, எங்கள் வீட்டில் அப்பா போனார், மகன் போனான் என்று சொல்லியிருப்பாள், இவளும் கையிலிருந்ததைக் காட்டியிருப்பாள். ஊரே அவளோடு சேர்ந்து துக்கம் பேசியது என்றுதான் நான் அந்தக் கதையைப் படிக்கிறேன். குழந்தையைக் கீழே வைக்க முடிந்தது அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் போக வேண்டிய முதல் வீடு உங்கள் மகளுடையது. அவளுக்கு அப்பா போனார், அதோடு அப்பாவைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆளும் வாயை மூடிக்கொண்டார். போனில் விளக்கம் கொடுக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போங்கள், அந்தப் படத்தை ஒரு புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே மாட்டலாம், எப்போது மாட்டலாம் என்று அவளே சொல்லட்டும். அப்பாவின் சட்டை ஒன்றாவது மிச்சம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள், கேட்டால் கொடுங்கள். டீ வாங்கப் போன அந்தக் காலையை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவள் முன்னால் அழ நேர்ந்தால் அழுதுவிடுங்கள், அவளும் அதற்காகத்தான் காத்திருக்கிறாளோ என்னவோ.

தலைத்திவசம் இன்னும் மூன்று மாதத்தில் வருகிறது. அது அவசியமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். உங்கள் வழக்கப்படி செய்யுங்கள், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஆறு பக்கம் எழுதினாலும் படிப்பேன்.